கேட்டால்தான் சொல்லணும்

மார்ச் 3, திங்கள்
காலையில் அண்ணன் மகள் வந்தாள். நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிறவள். நர்சுகளின் லைசென்ஸ் பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமாம். கட்டிலில் படுத்து, காலில் புண் என்று முனக வேண்டும். அங்கே வைத்திருக்கும் ஊசி மருந்து எனக்கு ஒத்துக்காது என்று கதை. ஆனால் அதை நர்ஸ் கேட்டால்தான் சொல்லணும். நானாக வாயைத் திறக்கக் கூடாது.
"முடியுமா அத்தே?"
"ஏண்டி, படுத்துக் கிடக்கறது ஒரு வேலையா?"
"படுக்கறது இல்ல அத்தே, வாயை மூடறதுதான் வேலை."
கொழுப்பைப் பார்.

மார்ச் 7, வெள்ளி
சாமி, நாளைக்கு என் நாக்கைக் கட்டிப் போடு.

மார்ச் 8, சனி
ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள், சொன்னேன். நடுவில் ஓர் உம்மணாமூஞ்சி. ஒரு வணக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. கேட்காமலே ஊசியை எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூலையில் இருந்த தேர்வாளர் அம்மா மார்க் தாளில் எதையோ சுழித்தார்.
கடைசியில் ஒரு நடுக்கக்காரி. "எப்படி இருக்கீங்கம்மா?" என்று சிரித்தாள், கையோ ஐஸ்கட்டி. அவளும் கேட்க மறந்து ஊசித் தட்டைத் தொட்டாள். தேர்வாளர் அம்மா கதவருகே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.
"கண்ணு, அந்த ஊசி எனக்கு ஆகாதும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டேன்.
அவள் முகத்தில் உயிர் வந்தது. எனக்கும் ஒரு புண்ணியம்.

மார்ச் 9, ஞாயிறு
அண்ணன் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.
"அந்த உம்மணாமூஞ்சிக்கும் சொன்னீங்களா?"
"அவ எங்க கேட்டா?"
"இவ கேட்டாளா அத்தே?"
வாய் அடைத்துப் போச்சு. அதுவும் எனக்கு!
உம்மணாமூஞ்சிக்கு இது கடைசித் தடவையாம். தவறினால் இனி எழுதவே முடியாது. நடுக்கக்காரிக்கு ஆஸ்பத்திரியில் வேலை காத்திருக்கிறது, லைசென்ஸ் வந்தால் போதும். ஒருத்தி சிரிச்சா, ஒருத்தி சிரிக்கல. அதுக்காகவா நான்— நாளைக்கு நிஜ வார்டில் இவள் கேட்காமல் குத்தினால்? அங்கே படுத்திருப்பது நானா, எழுந்து சொல்ல?

மார்ச் 10, திங்கள்
போய்ச் சொல்லிவிட்டேன். தேர்வு அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.
"ஒருத்திக்குச் சொல்லி, ஒருத்திக்குச் சொல்லலன்னா அந்தக் கட்டில் பரீட்சையே செல்லாதும்மா. எல்லாருக்கும் மறுபடியும் வைக்கணும்."
சரியாகக் கேட்டதுகளுக்கும் சேர்த்துத்தான். எத்தனை பிள்ளைகள் வாயில் விழுந்தேனோ.
வராந்தாவில் நடுக்கக்காரி நின்றாள். "நான் உங்களைச் சொல்லச் சொன்னேனாம்மா?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன்.

மார்ச் 22, சனி
மறுதேர்வு. என்னைக் கூப்பிடவில்லை. நியாயம்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்
உம்மணாமூஞ்சி தேறிவிட்டாள். நடுக்கக்காரி இல்லை.
"மறுபடியும் கேக்க மறந்துட்டா அத்தே. அடுத்தது அக்டோபர்லதான்." அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.


அக்டோபர் 10, வெள்ளி
துருப்பிடித்த தகரம் கையைக் கிழித்துவிட்டது. கிளினிக்குக்குப் போனால் ஊசி போட வந்தது யார்? உம்மணாமூஞ்சியேதான்! என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். சிரிக்கவில்லை. ஊசியைத் தொடும் முன்பே கேட்டாள்:
"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?"
"எல்லாம் ஒத்துக்கும்மா."
"நல்லா யோசிங்க. அன்னைக்கு ஒண்ணு ஆகாதுன்னு இருந்துச்சே?"
"அடி, அது நடிப்பு!"
"தெரியும். இருந்தாலும் கேக்கணும்." உதட்டோரம் லேசாக அசைந்தது.
வலிக்கவே இல்லை.
நாளைக்கு நடுக்கக்காரிக்குப் பரீட்சை. அவளைத் தேற வை என்று நான் கேட்கவில்லை, சாமி. கட்டிலில் படுத்திருக்கிறவள் வாயை மட்டும் கட்டிப் போடு.