கடலுக்கா, சட்டிக்கா

இன்று காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான், ஏழு மாத வயிற்றோடு என் மகள், தூத்துக்குடியில் பட்டாசு லோடு இறக்கிவிட்டு வந்த மாப்பிள்ளை, ஈரச் சாக்குக்குள் உயிரோடு ஒரு சிங்கி இறால். நீங்கள் மட்டும்தான் இல்லை, அக்கா. நீங்கள் கண்மூடிய பிறகு இந்த வீட்டுக்கு வந்த முதல் இறால் இது.

சாக்கைப் பிரித்ததும் எழுந்த கடல் வாடையில் உங்கள் முகம் வந்துவிட்டது. கடற்கரையில் பிறந்து, நர்ஸ் வேலைக்குத் திருத்தங்கல் வந்து, எங்கள் அடுத்த வீட்டில் இருந்தீர்கள். ஒருநாள் உங்கள் தம்பி கொண்டுவந்த இறாலை என்னிடம் தந்துவிட்டு டூட்டிக்குப் போனீர்கள். நம் போர் தண்ணீர்தான் வாயில் வைக்க முடியாத உப்பாயிற்றே, அதற்குச் சுகமாக இருக்கும் என்று வாளி நிறையப் பிடித்து அதில் விட்டேன். திரும்பி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"ஏ புள்ள, உப்புக் கரிச்சாக் கடலாயிருமா? அதுக்கு ஈரச் சாக்கு போதும்."

இன்னும் உயிர் மிச்சமிருந்த அதைத் தூக்கி வாலைத் திருப்பியதும் உங்கள் சிரிப்பு நின்றது. அடியில் தினையை அப்பியதுபோல முட்டைகள். சாப்பிடக்கூட இல்லை, கடலில் விட்டுவர பஸ் ஏறினீர்கள். "சினையோட வேக வச்சா கடல் கணக்குத் தீர்க்கும்" என்றீர்கள். பட்டாசுக் கம்பெனியில் தினமும் கணக்கு எழுதுகிற எனக்கு அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது.

இன்றைய இறாலின் வாலடியிலும் அதே தினை.

ஆனால் மாதக்கணக்காக வாந்தியெடுத்துத் துவண்ட மகள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். "வாயும் வயிறுமா இருக்கிறவ கேட்டத இல்லைன்னு சொல்லிராதே" என்றவரும் நீங்கள்தானே? வேறு வாங்கலாமென்றால், "நல்லதெல்லாம் கப்பலேறிப் போயிருது அத்தை, இந்த ஒண்ணுதான் சிக்குச்சு" என்கிறார் மாப்பிள்ளை.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, அதுவும் என்னய மாதிரியா?" என்றாள். பிறகு வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மன் முன் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டலத்தில் பூக்கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. கும்பிட்டு எழுந்த பிறகுதான், வெள்ளை என்றால் கடலுக்கு என்று நினைத்தேனா, சட்டிக்கு என்று நினைத்தேனா என்பதே நினைவில்லை என்று உறைத்தது. மறுபடி கேட்டால் அம்மனைச் சோதிப்பதாகிவிடும்.

மாப்பிள்ளை அடுத்த தூத்துக்குடி லோடுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். "கடலுக்கா, சட்டிக்கா? சட்டுன்னு சொல்லுங்க அத்தை. செத்துப்போச்சுன்னா ரெண்டுக்கும் ஆகாது."

சாக்கை நனைத்து நனைத்து வைக்கிறேன். உங்களிடம் சரியாகக் கற்றது அது ஒன்றுதான். உள்ளே இன்னும் மீசை அசைகிறது.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அக்கா.