வேரில்லாத தரை

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? ஹூஸ்டன் குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். இங்கே நான் சுகம். நம் சதுப்பில் நூட்ரியா எலி வேட்டை அடுத்த மாதம் தொடங்கும்.

செவ்வாயன்று கொஞ்சம் நனைந்தேன், அவ்வளவுதான். அனைத்துப் புனிதர் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்க, சுண்ணாம்பு வாளியோடு நாம் வழக்கமாகப் போகும் குறுக்குவழியில் நடந்தேன். மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது. கால் வைத்ததும் மார்பளவு சேற்றில் இறங்கிவிட்டேன். அந்த வழியாகப் படகில் வந்த ஓவிட் அண்ணன் துடுப்பை நீட்டி இழுத்தார்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு?"

"போன வருஷம் இதுல நடந்தேனே அண்ணே."

"போன வருஷம் வேர் இருந்துச்சு. எலி அதத் தின்னுருச்சு. இனி சேத்த யாரு புடிச்சு வைப்பா? ஒரு புயல் வந்தா இதுவும் தண்ணிதான்."

பிறகு கல்லறைவரை படகிலேயே போனோம். படகை அப்பாவின் சிலுவையில் கட்டிவிட்டு, தண்ணீருக்கு மேலே தெரிந்த பாகத்துக்கு வெள்ளையடித்தேன்.

நீளமான ரப்பர் பூட்ஸும், நீ வறுத்து அரைக்கும் காப்பித்தூளும் அனுப்பு. கடைத்தூள் காப்பியைத் தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்தில் நீ உனக்கென்று வைத்திருக்கும் இடத்தைப் பற்றி நேரில் பேசுவோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அண்ணன் படகைக் கிளப்பிவிட்டார், முடிக்கிறேன்.

உன் மகன்,
லூசியன்