பதினோராவது விதி

இன்று காலை எங்கள் ஆபீசுக்குப் புது இரும்பு பீரோ ஒன்று வந்து இறங்கியது. பச்சை பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. கதவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? இப்படிப்பட்ட ஒரு பீரோவில் என் சிநேகிதனை வைத்துப் பூட்டிவிட்டு வந்தவன் நான் என்றா சொல்ல முடியும்? நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. உன்னிடமே சொல்லிவிடுகிறேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, சித்தூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை அடித்துக்கொண்டிருந்த காலம். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். அரிசி மில்லில் வேலை பார்த்த நைனாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நீயோ பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டாய். பள்ளியில் என்னைவிட நாலு மார்க் குறைவாக வாங்கினவன் நீ. அந்த எரிச்சல் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

திருப்பதியில் ஒரு லாரி கம்பெனியில் பார்சல் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம், இருவருக்கும் தெரியும். மேனேஜர் மார்க் போட்ட என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தெலுகு சதவடம் வச்சா?" என்றார். தெலுங்கு படிக்க வருமா என்று கேட்கிறார். சந்தையிலும் தெருவிலும் நாள் முழுக்கத் தெலுங்கில் வாயடித்தவன் நான். படிப்பது மட்டும் வராது. தமிழ் வகுப்பிலேயே உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு அந்த எழுத்து ஒன்றுபோல ஒன்று தெரியும். நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. பேச்சு வருகிறதே, படிப்பு எங்கே போகும் என்ற திமிர். "வச்சு சார்", வரும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குத் தண்டனை தபாலில் வந்தது. வேலை கொடுத்த உத்தரவு இங்கிலீஷில் ஒரே பக்கம். கூடவே கம்பெனி விதிகள், பதினெட்டுப் பக்கம், முழுக்கத் தெலுங்கு. கடைசித் தாளில் மட்டும் இங்கிலீஷ்: மேற்கண்ட விதிகளைப் படித்து, புரிந்துகொண்டு, சம்மதிக்கிறேன். அதில் கையெழுத்திட்டு, அசல் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னாடா போட்டுக்கினு கீறான்?" நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் கண்ணை ஓட்டினால் படித்ததுபோல இருக்கும் என்று கணக்குப் போட்டுத் திருப்பினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு என் கண் எங்கே போகிறது என்பது தெரியாது. அந்தக் கேவலத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை திருப்பதிக்குப் போகிற வண்டி பாகாலாவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது உன்னைத் தேடி வந்தேன். உனக்கு டூட்டி முடிந்திருந்தது. பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனிக் காகிதம் எப்படி இருக்கிறது பார் என்று பெருமை காட்டுவதுபோல நீட்டினேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டவில்லை. குப்பம் பக்கத்தில் தெலுங்குப் பள்ளியில் ஆரம்பித்தவன் நீ, மடமடவென்று படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாய். லீவு, அபராதம், சட்டை பொத்தான், வெற்றிலை போடக் கூடாது. நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு நின்றாய். அதே பத்தியை மறுபடி படித்தாய்.

"பதினொண்ணாவதைக் கேளு. உன் புக்கு மூணு வருசம் அவங்க பீரோவுல. எல்லை எப்டி முடிஞ்சாலும் எந்த ராஜ்யத்து வேலைக்கும் மனு போடக் கூடாது. நடுவுல நின்னா புக்கைத் திருப்பித் தர்றது மேனேஜர் இஷ்டம். கையெழுத்துப் போடாத."

இஞ்சின் அருகே குழாயை இழுத்து மாட்டிவிட்டார்கள். வண்டி புறப்பட இன்னும் ஐந்து நிமிடம்தான். அந்தப் புத்தகம் போனால் நான் படித்ததற்குச் சாட்சியே கிடையாது என்பது எனக்கும் தெரியும். வேறொன்று வாங்க மெட்ராசுக்கு எழுத வேண்டும். இரண்டு ராஜ்யமாகப் பிரிந்தபின் எந்த ஆபீஸ் பதில் சொல்லும் என்று எவனுக்கும் தெரியவில்லை. ஆனால் கையில் வந்த வேலையை விட்டுவிட்டு நைனா முகத்தில் எப்படி முழிப்பது? அந்த ஆத்திரத்தை உன்மேல் கொட்டினேன்.

"நீ ரயில்வே சோறு துன்னுக்கினு பேசுற. உனக்கு இன்னா?"

நீ தாள்களை வரிசையாக அடுக்கி மடித்துக் கொடுத்தாய். வண்டி ஊதுகிறது, ஓடு என்றாய். திருப்பதி போய்ச் சேர்வதற்குள் ஆடுகிற பெட்டியில் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோணல் மாணலாக விழுந்தது. மேனேஜர் அதைப் பார்த்தாரோ என்னவோ, என் புத்தகத்தை வாங்கிப் புதுப் பச்சை பீரோவில் வைத்து இரண்டு சுற்று சாவி திருப்பினார்.

பதினோரு மாதம் வேலை பார்த்தேன். பிறகு சித்தூர் கலெக்டர் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. வேலையில் சேர்வதற்கு முன்பே எப்போதோ நான் போட்டிருந்த மனு. எல்லையில் கைமாறப் போகும் கிராமங்களின் தமிழ்க் காகிதங்களைப் பிரித்து நகலெடுக்க ஆள் வேண்டுமாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜரிடம் ஒரு நாளைக்குப் புத்தகம் கேட்டேன். அவர் விதிகளை எடுத்து, பதினோராவது பத்தியில் விரலை வைத்து, "சதவண்டி" என்றார். படி என்கிறார். எதிரில் இரண்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எழுத்தைப் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். காது சூடேறியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பாகாலாவில் இறங்கி உன் முன்னால் நின்றேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ சொன்னது, நாளைக்கு லீவு போடுகிறேன் என்று மட்டும். மறுநாள் புதன்கிழமை இருவரும் கம்பெனிக்குப் போனோம். என்னை வெளியில் நிற்க வைத்துவிட்டு நீ உள்ளே போனாய். அரைமணி நேரம். என்னென்ன பேசினாயோ தெரியாது. திரும்பி வந்தபோது உன் கையில் என் புத்தகம் இருந்தது. போகும்போது நீ கக்கத்தில் வைத்திருந்த மஞ்சள் பை தட்டையாக இருந்தது. உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஈடாக வைத்துவிட்டு வந்திருக்கிறாய்.

"நாளைக்குக் காட்டிட்டு இதைத் திருப்பிக் குடு. என்னுதை நான் வாங்கிக்கிறன்" என்றாய்.

கலெக்டர் ஆபீசில் அன்றைக்கே சேரச் சொல்லிவிட்டார்கள். என் புத்தகம் அங்கே சரிபார்ப்பில் போயிற்று, பதினைந்து நாளில் என் கைக்குத் திரும்பி வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போகவில்லை. போனால் பூட்டிக்கொள்வார்கள், நிரந்தரம் ஆகும்போது மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று பயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்தபோது, உன் புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வாங்கிட்டன் போடா. வேலையப் பாரு."

அவ்வளவுதான். நான் மறுபடி கேட்கவில்லை. நான் என்ன, அவ்வளவு அப்பாவியா? அந்த மேனேஜர் சும்மா கொடுக்கிற ஆளா என்று எனக்குத் தெரியாதா? கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. எல்லை முடிவாயிற்று, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, நான் நிரந்தரம் ஆனேன், டிபார்ட்மென்ட் பரீட்சைக்காகத் தெலுங்கு ஒன்றாம் வகுப்புப் பாடம் வாங்கி வைத்து எழுத்துக் கூட்டினேன். நீ பாகாலா ஜன்னலிலேயே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன்னோடு சேர்ந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டராகப் போனபோது, பச்சைக் கொடி ஆட்டுகிற வேலை எனக்கு எதற்கு என்று நீ சிரிப்பாய். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

காய்ச்சல் உன்னை நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த பிறகு உன் மனைவி சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ரயில்வேயில் உன் அசல் புத்தகம் கேட்கிறார்களாம், அதைக் காட்டினால் அவளுக்கு ஏதாவது வேலை பார்க்கலாம் என்கிறார்களாம். வீடு முழுக்கத் தேடிவிட்டாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் பரீட்சைக்கு அவரை ரெண்டு தபா கூப்டாங்கண்ணா. புக்கு இல்லன்னு போவல. எங்க வெச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரியும்மா, நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்ததும் என் காலில் இருந்த செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

போன வாரம் திருப்பதிக்குப் போனேன். பழைய மேனேஜர் இல்லை. இருக்கிறவர் இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, தகராறு எதுவும் செய்யாமல் பீரோவைத் திறந்தார். கட்டுக்கு நடுவில் உன் புத்தகம், ஓரம் செல்லரித்து, நூலால் கட்டி இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள்போல. நான் வந்து கேட்டிருந்தால். குமாஸ்தா ஒரு தாளை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று விரல் வைத்தார். முழுக்கத் தெலுங்கு, ஒரு பக்கம். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்றார். இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். எனக்கு இன்னும் வேகமாக வராது. குமாஸ்தா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். கம்பெனி யாரையும் வற்புறுத்தவில்லை என்று எழுதியிருந்தது, பொய். புத்தகம் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது, பொய். இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை என்று இருந்த இடத்தில் விரலை எடுக்க முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேனாவை வாங்கி அந்த மூன்று வரியையும் அடித்தேன். குமாஸ்தா எழுந்து மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போகட்டும் என்று கையசைத்தார்.

மிஞ்சியது ஒரு வரி. மேற்படி நபர் தம் புத்தகத்தை வேறொருவருக்காகத் தம் சொந்த விருப்பத்தின் பேரில் ஒப்படைத்தார். அதை இரண்டு தரம் படித்தேன். அந்த வேறொருவர் என்பதற்கு நேரே, தெலுங்கில், என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.