குங்குமம் வைத்த ஹெட்லைட்

14 ஆகஸ்ட் 2008, வியாழன்

வெப்சைட் வழியாக என்னிடம் வாங்கிய இங்கிலாந்துக்காரரின் மெயிலைக் காலையில் பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். பழைய ஸ்கூட்டர் ஹெட்லைட் வந்துசேர்ந்ததாம். கண்ணாடி நடுவில் சிவப்புக் கறை, துருவா என்று கேட்டிருந்தார். வெப்சைட்டில் இதுதான் என் முதல் விற்பனை. மோசம் என்று அவர் அதில் ஒரு வரி எழுதினால் அடுத்து எவனும் வாங்கமாட்டான். திரும்பவும் கம்பெனி கேட்டில் காண்ட்ராக்ட் ஆளாக நிற்கவேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "ஹெட்லைட்டுக்குப் பொட்டு வெச்சியா?"

"வண்டிச் சாமான் கடல் தாண்டிப் போவுது. வெக்காம அனுப்புவாங்களா?"

துரு இல்லை, குங்குமம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்று உள்ளதை எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. துடைத்துவிட்டாராம். விளக்கு நன்றாக எரிகிறதாம். இன்னும் நான்கு வேண்டுமாம்!

இதே விளக்குகளைப் பெங்களூர் ஏஜெண்ட் இதுவரை என்னிடம் இரும்பு விலைக்கு எடைபோட்டு அள்ளிக்கொண்டு போனான். "எக்ஸ்போர்ட்டெல்லாம் உன்னால ஆகாதுப்பா" என்பான். இப்போது வெப்சைட்டே முகவரிச் சீட்டு அடித்துத் தருகிறது. கூரியர் வண்டி ஓசூரில் எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே வருகிறது. அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கம்பெனியில் அந்தப் பெயரை ஒருவனும் எழுதியதில்லை. காண்ட்ராக்டர் பெயரும் ஒரு நம்பரும்தான் எழுதுவார்கள்.

விடிந்ததும் போச்சம்பள்ளி காயலான் கடைக்குப் போகவேண்டும்.

"நாலுக்கும் வெக்கட்டுமாடா?" என்று அம்மா இப்போதுதான் கேட்டாள்.

"வை. கண்ணாடியில வேணாம், பின்பக்கமா வை" என்றேன்.