உப்புத் தொட்டியில் பென்சில் கோடு

என்னங்க,

தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். ரெண்டு நாளைக்குச் சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

தண்ணியோட கடினத்தைப் போக்குற வாட்டர் சாஃப்ட்னர் இப்படி உப்பு தின்றதுக்கு நான் மணிக்கணக்கா குளிக்கிறதுதான் காரணம்னு நேத்து சொன்னீங்க. போன ரெண்டு வாரத்துல உப்பு நாலு விரக்கடை இறங்கியிருக்கு. இன்னிக்கு நிக்கிற மட்டத்துல தொட்டியில பென்சில் கோடு போட்டிருக்கேன். இனி ரெண்டு வாரம் நான் இங்க குளிக்கப் போறதில்ல, பார்த்துடலாம். வழக்கம்போல மேல உப்பைக் கொட்டி நிரப்பிடாதீங்க, கணக்குக் கெட்டுடும்.

குறைவா இறங்கினா நானே மன்னிப்புக் கேக்கிறேன். அதே நாலு விரக்கடைன்னா, நீங்கதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்.

பி.கு.: நாம தண்ணி புழங்கினாலும் புழங்காட்டியும் அந்த மெஷின் மூணு நாளைக்கு ஒருதரம் தொட்டி உப்பைக் கரைச்சுத் தன்னைக் கழுவிக்குது. டைமரை அப்படி வச்சது நீங்க.

இன்னொண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு நீங்க அங்க வர்றதுக்கு பஸ் டிக்கெட்டையும் எடுத்துட்டேன், மேஜை மேல இருக்கு.