பனிக்கோட்டைக் கதவைத் திறந்தவர்

அன்பு மருமகளுக்கு,

யாரும் நம்பாத கதையொன்றைப் பயபக்தியோடு எழுதுகிறேன்.

நாம் போட்டி போட்டுப் படித்த அந்த ஏழு பாக மந்திர நாவலை வைத்து, உனக்கும் உன் தோழிகளுக்கும் கதாபாத்திரங்களாகப் பேசி நடித்து ஆடும் ஒரு பகடை விளையாட்டு அமைக்க மூன்று மாதம் தவமிருந்தேன். நான் வரைந்த வரைபடம் கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. தபால்காரர் அதில் வழிதவறி இரண்டு நாள் அலைந்தார். அரக்கர்கள் மட்டும் நாற்பதாயிரம். அவர்களுக்குக் காபி போட்டே உன் அம்மா களைத்தாள்.

ஆளுக்கொரு பாத்திரம், அதற்கொரு முன்கதை எழுதித் தரச் சொன்னேன். உன் பாத்திரமான வைத்தியக்காரி, சொல்லாமல் வீட்டை விட்டுப் போன அப்பாவைத் தேடுகிறவள் என்று எழுதியிருந்தாய். நானும் அவளை வரைபடத்தின் கோடியிலிருந்த பனிக்கோட்டை வரை நடக்கவைத்தேன். கதவைத் திறந்த அப்பாவாக நானே பேசினேன்: "யாரும்மா நீ?"

உன் தோழி சிரித்தாள். "உங்கப்பாவுக்கே உன்னைத் தெரியலயேடி!"

நீ பகடையைக் கீழே வைத்தாய். "தலை வலிக்குது மாமா. நீங்க ஆடுங்க."

நான்கு ஞாயிறாக நீ வரவில்லை. வெறும் விளையாட்டுக்கா கோபம் என்று உன் அம்மாவிடம் அப்பாவிபோல் கேட்டேன்.

இந்தக் கடிதத்தில் நிறைய அளந்திருக்கிறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை: அது வைத்தியக்காரியின் கதையல்ல, உன் கதை என்று படித்தபோதே எனக்குத் தெரியும். ஆட்டம் களைகட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உன் மாமா