ஏழாம் வளைவின் மேடு

வியாழன், மாலை

தம்பிக்கு,

"என் கண்ணை நம்பணுமா, கையை நம்பணுமா மேடம்?" என்று இன்று எங்கள் ஓட்டுநர் கேட்டாள். இருபத்தைந்து வருடமாகப் பந்தய வண்டிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

திரையில் தடத்தைக் காட்டி ஓட்டிப் பழக வைக்கும் உங்கள் அணியின் சிமுலேட்டரை வாடகைக்கு எடுப்பதற்காக நிஜத் தடத்தில் ஒரு நாள் பயிற்சியை விட்டுக்கொடுத்தோம். இரண்டையும் செய்ய எங்களுக்கு வக்கில்லை. உன் திரையில் ஏழாம் வளைவுக்கு முன் சாலை தட்டையாக இருந்தது. அங்கே பிரேக் போட அவள் கை பழகிவிட்டது. நிஜத்தில் அதே இடத்தில் ஒரு மேடு. வண்டி துள்ளி, சுழன்று, தடத்தோரச் சரளையில் புதைந்தது. நல்லவேளை, அவளுக்கு அடியில்லை. மெக்கானிக்குகள் இன்னும் சரளைக்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பரில் இந்தத் தடத்தை லேசர் வைத்து அளந்தவன் நீ. மேட்டின் உயரத்தை மட்டும் சொல், வண்டியின் சஸ்பென்ஷனை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன். சனிக்கிழமை தகுதிச் சுற்று. முதல் வண்டியின் நேரத்தைவிட நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பிந்தினால் பந்தயத்தில் இடமில்லை. இடமில்லையென்றால் எங்களுக்கு இருக்கும் ஒரே விளம்பரதாரரான பெயிண்ட் கம்பெனியும் விலகிவிடும். இந்த மாதத்தோடு அணியை மூட வேண்டியதுதான்.

உங்கள் அணியில் ஊழியர்களின் போன்களை ஒட்டுக்கேட்கிறார்களாமே. அதனால் எல்லா அணிகளுக்கும் டயர் கொண்டுவரும் டயர்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அறுபது அடி தள்ளியிருக்கும் உங்கள் கொட்டகைக்குக் கடிதம். நல்ல பிழைப்பு.

அக்கா

வியாழன், ஏழு மணி

அன்புள்ள அக்காவுக்கு,

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் நிம்மதி. நாங்கள் வாடகைக்குக் கொடுப்பது போன வருடப் பந்தயத்துக்கு அளந்த தடம். டிசம்பரில் அளந்த புதியது எங்கள் ஓட்டுநர்களுக்கு மட்டும். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஓட்டை கண்டுபிடிக்கிற நீ அதைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டாய்? உயரத்தைச் சொன்னால் என் வேலை போய்விடும். கோபப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தம்பி

வெள்ளி, பகல்

தம்பிக்கு,

படிக்கவில்லைதான். எதிரில் உட்கார்ந்திருந்தது நீ. நான் படிக்காமல் கையெழுத்திட்ட காகிதம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

சாப்பாட்டு இடைவேளையில் அனுமதி வாங்கித் தடத்தில் இறங்கினேன். ஒரு நேரான அலுமினியச் சட்டம், ஒரு பள்ளிக்கூட ஸ்கேல். அளந்துவிட்டேன். எந்தத் தடத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்வேன். இந்த முறை உங்கள் இயந்திரத்துக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன். உங்கள் மேலாளர் வேலியோரம் நின்று, "என்ன மேடம், தையல் கடை வைக்கப் போறீங்களா?" என்றார். "ஆமா சார், உங்க வாய்க்குத்தான் முதல்ல அளவெடுக்கணும்" என்று எங்கள் ஓட்டுநர் சொல்லிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாப்பிட்டேன்.

அக்கா

வெள்ளி, ஐந்து மணி

அக்கா,

மதியப் பயிற்சியைப் பார்த்திருப்பாய். எங்கள் இரண்டு வண்டிகளின் அடிப்பாகமும் அந்த மேட்டில் தட்டுகிறது. டிசம்பரில் மேடு இவ்வளவு இல்லை; அடிமண் பொங்கி உயர்ந்திருக்கிறது. இனி யாரையும் தடத்தில் இறங்க விடமாட்டார்களாம். காலைக்குள் சரியான அளவு வராவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் மேலாளர். உன் அளவு என்ன? கேட்க வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி

வெள்ளி, ஏழு மணி

தம்பிக்கு,

நேற்று நான் கேட்டதும் ஒரு எண்தான். பதினோராம் பக்கம் என்றாய்.

இன்று உங்கள் வண்டிகள் தடுமாறியதால்தான் நாங்கள் அந்த ஏழு பங்கு எல்லைக்குள் இருக்கிறோம். நீங்கள் அரை நொடி வேகமானால் எல்லையும் அரை நொடி இறங்கும். அதைத் துரத்த எங்கள் இஞ்சினுக்கு மூச்சில்லை. இது உனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறாய். உன் கடிதத்தை ஓட்டுநரிடம் காட்டினேன். "வாடகைக்குக் குடுங்க மேடம், போன வருஷத்து அளவை" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதை எழுதும்போதும் நான் முடிவெடுக்கவில்லை. உறையை இப்போது ஒட்டப்போவதில்லை.

சனி, மாலை

காலையில் எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதி டயர்காரரிடம் கொடுத்தேன். உனக்குக் கிடைத்ததை உங்கள் வண்டிகள் அந்த மேட்டைத் தாண்டிய விதத்திலேயே தெரிந்துகொண்டேன். முதலிடம் உங்களுக்கு. எங்கள் ஓட்டுநர் இதுவரை ஓட்டியதிலேயே சிறந்த சுற்றை ஓட்டினாள். எல்லைக்குக் கால் நொடி வெளியே. சீட்டு கொடுத்ததை ஐந்து மணிக்கு அவளிடம் சொன்னேன். கையுறைகளைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, வண்டியை லாரியில் ஏற்றப் போனாள்.

அக்கா